மிஷினும் மஷினும்



ஆங்கிலத்தில் 'மெஷின்' என்று வழங்கும் சொல்லை நாம் அனைவரும் அறிவோம். எந்திரம் என்பது அதன் பொருள். ஜப்பானியர் இச்சொல்லைத் தம் மொழியில் ஒருமுறையன்று, இருமுறை கடன் வாங்கியிருக்கிறார்கள். முதலில் வந்தது 'மிஷின்'. பிறகு வந்தது 'மஷின்'. எழுத்தில் பார்த்தால் இவ்விரண்டிற்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. பொருளில் பார்த்தாலோ இரண்டும் வெவ்வேறு உலகங்களைச் சேர்ந்தவை. ஜப்பானியர் ஒருவரிடம் 'மிஷின் வாங்கினேன்' என்று சொன்னால் அவர் மனக்கண்ணில் தோன்றுவது தையல் எந்திரம் ஒன்றே. மாவரைக்கும் எந்திரமோ அச்சடிக்கும் எந்திரமோ அங்குத் தோன்றாது. 'மஷின்' என்று சொன்னால் பந்தயக் கார், உடற்பயிற்சிக் கூடத்துக் கருவி, காசு போட்டு விளையாடும் பெட்டி, காப்பி வடிக்கும் கருவி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றலாம். தையல் எந்திரம் மட்டும் தோன்றாது.

ஒரே சொல் இங்ஙனம் இரண்டாகப் பிரிந்து வாழ்வதற்குக் காரணம் யாது? உலகிலுள்ள எத்தனையோ எந்திரங்களுள் தையல் எந்திரம் மட்டும் அந்தப் பொதுப் பெயரைத் தனக்கே உரியதாக்கிக்கொண்டது எவ்வாறு? இவ்வினாவிற்கு விடை தேடினால் ஜப்பானியப் பெண்களின் நூறாண்டு உழைப்பின் கதை நமக்குக் கிடைக்கிறது. அதனை இன்று காண்போம்.

முதலில் ஒலியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 'மெஷின்' என்னும் ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் விழுவது இரண்டாம் அசையின்மீது. முதல் அசை மிக மெலிவாக ஒலிக்கும். எழுத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பவருக்கு அது 'ம' என்றும் படலாம், 'மெ' என்றும் படலாம், 'மி' என்றும் படலாம். ஜப்பானியரின் காதில் அது 'மி' என்று விழுந்தது. வேடிக்கை என்னவென்றால், நம் தமிழ் மக்களின் காதிலும் அது அவ்வாறே விழுந்தது. 'மிஷின்' என்றும் 'மிசின்' என்றும் நம் பாட்டிமார் சொன்னது யாரிடமும் கற்றுச் சொன்னதன்று. ஒருவரையொருவர் அறியாத இரண்டு மக்கள் ஒரே சொல்லை ஒரே விதமாகக் கேட்டிருக்கிறார்கள்!

ஜப்பானிய மொழியில் ஆங்கிலச் சொற்கள் நுழைந்த வழிகள் இரண்டு. ஒன்று காது வழி, மற்றொன்று கண் வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், துறைமுகங்களில் மாலுமிகளுடனும் வணிகர்களுடனும் பழகியவர்கள் காதால் கேட்டதைச் சொன்னார்கள். 'அமெரிக்கன்' என்பதன் முதல் எழுத்து அவர்கள் காதில் விழவில்லை. ஆகவே 'மெரிக்கென்' ஆயிற்று. அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை மாவு 'மெரிக்கென் மாவு' என்றாயிற்று. எலுமிச்சைப் பானமாகிய 'லெமனேட்' என்பது 'ராமுனெ' ஆகி, குமிழியிடும் ஓர் இனிப்புப் பானத்திற்குப் பெயராயிற்று. பள்ளிக்கூடங்களும் அகராதிகளும் பெருகிய பின் வந்தவர்கள் எழுத்தைப் பார்த்துக் கடன் வாங்கினார்கள். அப்போது அதே 'அமெரிக்கன்' முழு உருவோடு 'அமெரிகான்' என்று மீண்டும் வந்தது. 'மிஷின்' காது வழி வந்த சொல். 'மஷின்' கண் வழி வந்தது.

இத்தகைய இரட்டையர் வேறு சிலரும் உண்டு. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரைக்' என்பது தொழிலாளர் வேலை நிறுத்தத்திற்கும் பெயர், பேஸ்பால் ஆட்டத்தில் அடிக்கத் தவறிய பந்திற்கும் பெயர். ஜப்பானியர் முன்னதை 'ஸுதொராய்க்கி' என்றும், பின்னதை 'ஸுதொராய்க்கு' என்றும் கடைசி எழுத்தை மாற்றிப் பிரித்துக்கொண்டனர். துணி தேய்க்கும் இரும்புப் பெட்டி 'ஐரொன்', கோல்ப் ஆட்டத்து இரும்பு மட்டை 'ஐயன்'. இவற்றைக் காணும் ஆங்கிலம் கற்ற சிலர், 'ஜப்பானியர் ஆங்கிலத்தைச் சிதைத்துவிட்டார்கள்' என்று நகைப்பதுண்டு. நமக்கு அக்கருத்தில் உடன்பாடு இல்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் முட்டிக்கொண்டு கிடந்த இரு பொருள்களை அவர்கள் இரு வீடுகளில் குடியேற்றியிருக்கிறார்கள். இதனைச் சிதைவு என்பதைவிடச் சீரமைப்பு என்பதே பொருந்தும்.

நிற்க. மிஷினுக்கு வருவோம்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் தையல் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றது 1846ஆம் ஆண்டில். ஐசக் சிங்கர் தம் எந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றது 1851இல். இரண்டே ஆண்டுகளில், அதாவது 1853இல், அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி தம் கப்பல்களுடன் ஜப்பானியக் கரையை அடைந்து, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சாத்தியிருந்த கதவைத் தட்டினார். தையல் எந்திரமும் கதவு திறந்த வேகத்திலேயே உள்ளே நுழைந்துவிட்டது.

இங்கு ஒரு மனிதரை நினைவுகூர்வது தகும். அவர் பெயர் நாக்காஹாமா மஞ்ஜிரோ. தோஸா நாட்டு மீனவச் சிறுவர். 1841இல் புயலில் சிக்கி ஆளற்ற தீவொன்றில் ஒதுங்கிய அவரையும் உடன் சென்றவர்களையும் அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. கப்பல் தலைவர் விட்பீல்டு அச்சிறுவரை மாசசூசெட்ஸ் மாநிலத்துக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார். 1851இல் தாயகம் திரும்பிய மஞ்ஜிரோ, 1860இல் 'கன்ரின் மாரு' என்னும் கப்பலில் ஜப்பானியத் தூதுக்குழுவினருக்கு மொழிபெயர்ப்பாளராக மீண்டும் அமெரிக்கா சென்றார். திரும்பும்போது அவர் கொண்டுவந்த பொருள்களில் தையல் எந்திரமும் ஒன்று. தம் தாய்க்கென்று அதனை வாங்கி வந்தார் என்று கூறுவர். அக்காலத்தில் ஆங்கிலத்தைக் காதால் கேட்டே கற்ற ஜப்பானியருள் இவர் முதன்மையானவர் என்பதையும் நேயர்கள் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் இக்கருவியின் முழுப்பெயர் 'சூயிங் மெஷின்'. 'சூயிங்' என்பதே தையலைக் குறிக்கும் பகுதி. ஜப்பானியரோ அந்தச் 'சூயிங்' என்பதைக் கழற்றி எறிந்துவிட்டு, 'மெஷின்' என்னும் பொதுப்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உயிரை விட்டுவிட்டு உடலை வைத்துக்கொண்டதுபோல் இது தோன்றலாம். ஆனால் அங்கு ஏற்கெனவே 'கிக்காய்' என்னும் சொல் எந்திரம் என்ற பொதுப் பொருளில் சீன எழுத்துகளால் எழுதப்பட்டு வழங்கிவந்தது. நெசவாலையில் இருப்பது கிக்காய், சுரங்கத்தில் இருப்பது கிக்காய். பொதுப் பொருளுக்குப் புதிதாக ஒரு சொல் தேவைப்படவில்லை. ஆகவே புதிதாக வந்த அயற்சொல், வீட்டுக்குள் புதிதாக வந்த அயற்பொருளின் தோளில் ஏறிக்கொண்டது.

நம் மொழியிலும் இதற்கு நிகரான ஒன்று உண்டு. 'யந்திரம்' என்னும் வடசொல் தமிழில் எந்திரம் என்றும் ஏந்திரம் என்றும் ஆயிற்று. அது எல்லாப் பொறிகளுக்கும் பொதுப்பெயர். ஆயினும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'ஏந்திரம்' என்றால் உளுந்தும் பயறும் உடைக்கும் கல் திருகை என்றே பொருள். பின்னர் 'மிஷின்' வந்தபோது, 'மிஷினுக்குப் போய் அரைத்து வா' என்றால் மாவு மில்லுக்குப் போ என்று பொருளாயிற்று. பெண்ணின் கை எந்தப் பொறியை அன்றாடம் தொடுகிறதோ அந்தப் பொறி பொதுப்பெயரைப் பிடித்துக்கொள்கிறது. ஜப்பானில் அது தையற்பொறியாக இருந்தது. தமிழகத்தில் அரைக்கும் பொறியாக இருந்தது.

ஆயினும் ஜப்பானியப் பெண்ணின் கை அதனைத் தொடுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இந்தப் பகுதியை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

1868இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டது. படைவீரர், காவலர், தபால்காரர், புகைவண்டி ஊழியர் ஆகியோருக்கு மேனாட்டுச் சீருடை வந்தது. 1872இல் அரசவைச் சடங்குகளுக்கும் மேனாட்டு உடையே விதிக்கப்பட்டது. இவ்வுடைகளைத் தைக்க மிஷின் வேண்டியிருந்தது. அவற்றைத் தைத்தவர்கள் படைத்துறைப் பணிமனைகளிலும் நகரத் தையற்கடைகளிலும் இருந்த ஆடவர்கள். 1887இல் பேரரசியாரே பெண்கள் மேனாட்டு உடை அணிவதை ஆதரித்து அறிக்கை விடுத்தார். ஆனாலும் சாதாரண இல்லத்துப் பெண் கிமோனோவை விடவில்லை. கிமோனோவைத் தைக்க அவளுக்கு மிஷின் தேவைப்படவும் இல்லை.

ஏன் தேவைப்படவில்லை என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. கிமோனோ ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட துணிச்சுருளிலிருந்து நேர்கோட்டில் வெட்டித் தைக்கப்படுவது. உடலின் வளைவுக்கேற்ப அதில் வெட்டு எதுவும் இல்லை. அதனைத் துவைக்கும் முறை விந்தையானது. தையலை எல்லாம் பிரித்து, துணியைத் தனித்தனித் துண்டுகளாக்கி, துவைத்துக் கஞ்சியிட்டு, பலகையில் விரித்து அல்லது மூங்கில் குச்சிகளால் இழுத்துக் காய வைத்து, மீண்டும் தைப்பார்கள். அன்னையின் கிமோனோ பழையதானால் பிரித்து மகளுக்குத் தைக்கலாம். அதுவும் நைந்தால் குழந்தையின் துணியாகும். ஆகவே அந்தத் தையல் எளிதில் பிரியக்கூடியதாக இருக்க வேண்டும். கையால் ஓட்டும் இழைத்தையல் ஓர் இழுப்பில் பிரிந்து வரும். மிஷின் தையலோ மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பூட்டிக்கொள்வது. அதைப் பிரிப்பது பெரும்பாடு. பிரித்தால் பட்டில் துளைகள் தெரியும். உறுதியான தையல் என்று உலகெங்கும் புகழப்பட்ட அதே குணம் ஜப்பானிய இல்லத்தரசிக்குக் குறையாயிற்று.

1900ஆம் ஆண்டையொட்டி ஜப்பானில் கடை திறந்த அமெரிக்கச் சிங்கர் நிறுவனம் இந்தச் சுவரில்தான் முட்டிக்கொண்டது. அந்நிறுவனம் 1850களிலேயே தவணை முறை விற்பனையைப் பரவலாக்கிய நிறுவனம். முன்பணம் சிறிது கொடுத்து, மாதந்தோறும் கட்டிவந்தால் எந்திரம் வீட்டுக்கு வரும். வீடு வீடாகச் சென்று விற்பவர் ஒருவர், பணம் தண்டுபவர் ஒருவர், கற்றுக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர் என்ற ஏற்பாடு அது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் முன்னோர் சிங்கர் மிஷின் வாங்கிய முறையும் இதுவே. ஜப்பானில் கிமோனோவையும் மிஷினில் தைக்கலாம் என்று விற்பனையாளர்கள் எடுத்துச் சொல்லிப் பார்த்தனர். 1906இல் தோக்கியோவில் சிங்கர் பெயரில் பெண்களுக்கான தையற்பள்ளி ஒன்று தொடங்கியது. அங்குப் படித்த பெண்களுக்குச் சொல்லப்பட்டது வெறும் தையல் நுணுக்கம் அன்று. இக்கருவி இருந்தால் கணவன் கையை எதிர்பாராமல் பிழைக்கலாம் என்பதும் அங்கு எடுத்துரைக்கப்பட்டது. அக்காலச் சமுதாயத்தில் இது சிறிய பேச்சன்று.

இதன் விளைவாகத் தையலுக்கே ஜப்பானிய மொழியில் இரு பெயர்கள் ஏற்பட்டன. கிமோனோ தைக்கும் கலை 'வஸாய்', அதாவது ஜப்பானியத் தையல். மேனாட்டு உடை தைக்கும் கலை 'யோஸாய்', அதாவது மேனாட்டுத் தையல். ஊசி வஸாய்க்கு, மிஷின் யோஸாய்க்கு என்ற பாகப்பிரிவினை நிலைத்தது. 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளில் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் அழித்த பெருநிலநடுக்கத்திற்குப் பின் பெண்களும் குழந்தைகளும் எளிய மேனாட்டு உடைகளை நாடத் தொடங்கினர். அதே 1923இல் புங்கா தையற்பள்ளி அரசின் அங்கீகாரம் பெற்றது. அதனை நிறுவிய இருவருள் ஒருவரான எந்தோ மஸாஜிரோ சிங்கர் விற்பனையாளராக இருந்தவர். 1926இல் ஸுகினோ யோஷிகோ என்னும் அம்மையார் 'டிரெஸ்மேக்கர்' என்ற ஆங்கிலப் பெயரையே சூட்டி இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். உலகப் புகழ்பெற்ற ஆடை வடிவமைப்பாளர்களான தக்காதா கென்ஸோவும் யமமோத்தோ யோஜியும் பிற்காலத்தில் புங்கா பள்ளியிலிருந்தே வந்தார்கள்.

இதற்கிடையே மிஷினை ஜப்பானியரே செய்யத் தலைப்பட்டனர். 1921இல் தோக்கியோவில் தொடங்கிய ஒரு சிறு தொழிலகம், பழைய நீண்ட நூற்கண்டுக்குப் பதிலாக வட்டமான நூற்கண்டை வைத்தது. அது பாம்பின் கண்போல் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிந்தது. ஜப்பானிய மொழியில் பாம்பின் கண் 'ஜனொமெ'. பிற்காலத்தில் அதுவே அந்நிறுவனத்தின் பெயராயிற்று. நகோயா நகரில் 1908 முதல் தையல் எந்திரம் பழுது பார்த்துவந்த யாசுய் குடும்பத்தின் பிள்ளைகள், 1928இல் வைக்கோல் தொப்பி தைக்கும் எந்திரமொன்றைச் செய்து, உடன்பிறந்தோர் சேர்ந்து செய்தது என்பதைக் காட்ட 'பிரதர்' என்ற ஆங்கிலச் சொல்லை அதன்மேல் பொறித்தனர். நம் இல்லங்களில் பலரும் கண்ட 'பிரதர்' மிஷினின் கதை இதுதான். 1932இல் சிங்கர் நிறுவனத்தின் ஜப்பானிய விற்பனை ஊழியர்கள் பெரியதொரு வேலை நிறுத்தம் செய்தனர். மிஷின் விற்றவர்கள் ஸுதொராய்க்கி செய்தார்கள்! இரண்டு சொல்லும் கடன் வாங்கியவை; வழக்கு மட்டும் சொந்தம்.

பிறகு போர் வந்தது. பெண்கள் 'மோம்பெ' என்னும் தொளதொளத்த காற்சட்டை அணியுமாறு வற்புறுத்தப்பட்டனர். தையல் எந்திரத் தொழிலகங்கள் படைக்கலப் பொருள்கள் செய்யத் திருப்பப்பட்டன. ஆங்கிலம் பகைவர் மொழி என்ற கூச்சல் எழுந்தது. அது முறையான ஒரு சட்டமாக வரவில்லை. ஆனால் சமுதாய நெருக்குதல் சட்டத்தைவிடக் கடுமையாக இருந்தது. இசைத்தட்டைக் குறித்த 'ரெக்கோடொ' என்ற சொல்லைத் தள்ளி, ஒலித்தட்டு என்று பொருள்படும் 'ஒம்பான்' என்றனர். 1943இல் தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் 'ஸுதொராய்க்கு' என்று நடுவர் கூவுவதை நிறுத்தி, 'நன்று' என்று பொருள்படும் 'யொஷி' என்று கூவ வைத்தனர். அதே ஆண்டுகளில், 1942 முதல் 1945 வரை, இத்தீபகற்பத்திலும் 'ஷோனான்' எனப் பெயர் மாற்றப்பட்ட சிங்கப்பூரிலும் நம்மவர் ஜப்பானிய மொழி கற்க வைக்கப்பட்டதை மூத்தோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஜப்பானியர் தம் மொழியிலிருந்து ஆங்கிலத்தைக் களையெடுத்துக்கொண்டிருந்த காலத்தில், ஆங்கிலம் கற்ற நம் பிள்ளைகளுக்கு அம்மொழியைக் கற்பித்தார்கள் என்பது வரலாற்றின் விளையாட்டு. களையெடுப்பு நிலைக்கவில்லை. போர் முடிந்ததும் 'ஸுதொராய்க்கு' திரும்பி வந்தது. 'மிஷின்' என்ற சொல்லோ அசையாமல் நின்றது. அது அயற்சொல் என்ற நினைவே மக்களுக்கு மங்கிப்போயிருந்தது எனக் கொள்வதில் தவறில்லை.

1945இல் ஜப்பானிய நகரங்கள் எரிந்து கிடந்தன. எண்ணற்ற இல்லங்களோடு எண்ணற்ற மிஷின்களும் சாம்பலாயின. கணவனைப் போரில் பறிகொடுத்த பெண்களின் கையில் மிஞ்சியது ஒரு சில கிமோனோக்கள். அவற்றைக் கொடுத்து அரிசி வாங்கினார்கள் சிலர். மிஷின் தப்பியிருந்தவர்கள் கிமோனோவைப் பிரித்து, அந்தத் துணியில் மேனாட்டுச் சட்டையும் பாவாடையும் தைத்தார்கள். எளிதில் பிரியவேண்டும் என்று கையால் தைத்து வைத்த தையல்கள் கடைசி முறையாகப் பிரிந்தன. அத்துணி பிரிக்க முடியாத பூட்டுத் தையலுக்குள் சென்றது. வஸாயிலிருந்து யோஸாய்க்கு ஒரு நாடே மாறியதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை என்று நாம் கருதுகிறோம்.

வீட்டிலிருந்தபடியே கூலிக்குச் செய்யும் துண்டு வேலைக்கு 'நைஷொக்கு' என்று பெயர். உள்ளே செய்யும் தொழில் என்பது அதன் நேர்ப்பொருள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நைஷொக்கு என்றால் பெரும்பாலும் மிஷின் வேலைதான். பிள்ளைகள் உறங்கிய பின் இரவு நெடுநேரம் மிதிக்கும் ஓசை கேட்கும். மிஷினில் தைத்தலை ஜப்பானியர் 'மிஷினை மிதித்தல்' என்றே சொல்லிவந்தார்கள். மின்சாரத்தால் ஓடும் மிஷின் வந்த பிறகும் அந்த வழக்கு மறையவில்லை. 'மிஷின் மிதித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்' என்று ஒரு கைம்பெண்ணைப் பற்றி நம்மவர் சொல்வதன் கனம் ஜப்பானியருக்கும் விளங்கும்.

தொழிலும் மீண்டது. 1938இல் படைத் துப்பாக்கி செய்வதற்கென்று கூடிய தோக்கியோத் தொழிலகம் ஒன்று, போர் முடிந்ததும் அதே கடைசல் எந்திரங்களை வைத்துக்கொண்டு மிஷின் செய்யத் தொடங்கியது. அதுதான் 'ஜூக்கி'. உலகெங்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் இப்பெயரைக் காணலாம். சிறு தொழிலகங்கள் பல, உறுப்புகளின் அளவை ஒன்றுபடுத்திக்கொண்டன. ஒருவர் செய்த உறுப்பு மற்றவர் செய்த மிஷினில் பொருந்தியது. பழுது பார்ப்பது மலிவாயிற்று. 1950களில் ஆண்டுக்குப் பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட மிஷின்கள் ஜப்பானில் உற்பத்தியாயின. அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே ஏற்றுமதியாயிற்று. ஆயிரக்கணக்கான யோஸாய் பள்ளிகள் தோன்றின. மணமகள் கொண்டுசெல்லும் சீர்வரிசையில் மிஷினுக்கு இடம் கிடைத்தது. 1960களில் பெரும்பாலான இல்லங்களில் அது இருந்தது.

இந்தச் சொல் ஜப்பானோடு நின்றுவிடவில்லை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. அப்போது கொரிய மொழிக்குள் சென்ற சொற்களில் 'மிஷின்' ஒன்று. அங்கு அது 'மிசிங்' ஆயிற்று. பொருள் மாறவில்லை, தையல் எந்திரமேதான். ஆங்கிலேயரிடமிருந்து நேரே வாங்கியிருந்தால் இந்தக் குறுகிய பொருள் வந்திருக்காது. ஜப்பானியப் பெண்ணின் வீட்டில் குறுகிய பொருள், அப்படியே கொரியாவுக்குப் போயிற்று. 1960களிலும் 1970களிலும் தலைநகர் சியோலின் அமைதிச் சந்தையில், நிமிர்ந்து நிற்கவும் முடியாத தாழ்ந்த பரண்களில், பதின்ம வயதுப் பெண்கள் வரிசையாக அமர்ந்து மிசிங் ஓட்டினார்கள். அவர்களுக்கு உதவியாளாக இருந்த சிறுமிகளுக்கு வழங்கிய 'சிதா' என்ற பெயரும் ஜப்பானியச் சொல்லிலிருந்து வந்ததே. கீழே என்பது அதன் பொருள். தூசியும் கண்ணெரிச்சலும் காசநோயும் அவர்களுக்குப் பங்காயின. அச்சந்தையில் துணி வெட்டுபவராக இருந்த ஜொன் தே இல் என்ற இளைஞர், தொழிலாளர் சட்டம் ஏட்டில் மட்டும் இருப்பதைச் சுட்டிக்காட்டிப் பலமுறை முறையிட்டார். எவரும் செவி சாய்க்கவில்லை. 1970ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் அவர் தம் உடலுக்குத் தாமே தீயிட்டுக்கொண்டு உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 22. கொரியத் தொழிற்சங்க வரலாறு அந்த நாளைத் தன் தொடக்க நாள்களில் ஒன்றாகப் போற்றுகிறது. பிற்காலத்தில் கொரிய மொழியறிஞர்கள் 'மிசிங்' என்பதை விலக்கித் தம் மொழிச் சொல்லான 'ஜெபொங்துல்' என்பதை முன்வைத்தனர். ஏடுகளில் அது நிலைபெற்றது. ஆனால் அந்தப் பரண்களில் உழைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது 'மிசிங்' என்ற சொல்லே வாயில் வருகிறது.

இனி 'மஷின்'. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது பளபளப்பான சொல். 'டைமு மஷின்' என்றால் காலத்தைக் கடக்கும் கற்பனை ஊர்தி, 'மஷின் கன்' என்றால் எந்திரத் துப்பாக்கி. வேகமும் விசையும் புதுமையும் தோன்றவேண்டிய இடத்தில் மஷின் வருகிறது. பழைய சொல் வீட்டின் மூலையில் அமர்ந்திருக்க, அதன் தம்பி கடைவீதியில் உலா வருகிறான். 'கிக்காய்' என்ற மூத்த சொல்லோ தொழிற்சாலையை விட்டு நகரவில்லை. எந்திரத்திற்கு மூன்று சொற்கள், மூன்றுக்கும் மூன்று இடங்கள்.

1960களுக்குப் பின் ஆயத்த ஆடைகள் கடைகளில் மலிந்தன. வீட்டில் தைப்பது தேவை என்ற நிலை மாறி விருப்பம் என்றாயிற்று. யோஸாய் பள்ளிகள் பல மூடப்பட்டன. மிஷின் உறை போட்டு மூடப்பட்டு மூலைக்குப் போயிற்று. ஆனால் சொல் வேறொரு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டது. பற்றுச்சீட்டிலும் நுழைவுச்சீட்டிலும் தபால்தலைத் தாளிலும், கிழிப்பதற்கு வசதியாகச் சிறு சிறு துளைகள் வரிசையாக இடப்பட்டிருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். அந்தத் துளை வரிசைக்கு ஜப்பானிய மொழியில் 'மிஷின்மெ' என்று பெயர். 'மெ' என்றால் கண். நூலில்லாமல் மிஷின் ஊசி ஓடிய தடம்போல் அது தோன்றுவதால் அப்பெயர் வந்தது. மிஷினைத் தொட்டே அறியாத பள்ளிச் சிறுவனும் தின்பண்டப் பெட்டியைத் திறக்கும்போது, 'மிஷின்மெயை ஒட்டிக் கிழிக்கவும்' என்று அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுத்தான் கிழிக்கிறான்.